கடைசிப் பதினாறு அடி

மனிதனுக்குப் பொருளைக் கண்டெடுப்பதில் இருக்கும் ஆசையைவிட, அதைத் தேடுவதில் இருக்கும் ஆசையே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைகள் விளையாடுவதைப் பார்த்தாலே இது விளங்கும். மணலை நீளமாக வரப்புப் போல் குவித்து, அதற்குள் ஒரு சிறு குச்சியை ஒளித்து வைத்துக் 'கிச்சுக் கிச்சுத் தாம்பாளம்' ஆடுகிறார்கள். அந்தக் குச்சிக்கு என்ன மதிப்பு? ஆட்டம் முடிந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டு கைகளையும் கோத்து, 'இங்கேதான் இருக்க வேண்டும்' என்று மணலின்மேல் பொத்துகிறார்களே, அந்த ஒரு கணத்துக்காகத்தான் அத்தனையும்.

அதே ஆட்டத்தை, ஒரு பிடி மணலுக்குப் பதிலாக உலகம் முழுவதையும் ஆடுகளமாக வைத்துக்கொண்டு பெரியவர்கள் ஆடுகிறார்கள். அதற்கு ஜியோகேஷிங் என்று பெயர். ஒருவர் ஒரு சிறு பெட்டியைக் காட்டிலோ, பூங்காவிலோ, பாலத்தின் அடியிலோ ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எல்லாரும் அறிய வெளியிடுவார். முகம் தெரியாத இன்னொருவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். பெட்டி கிடைத்தால், உள்ளே இருக்கும் நோட்டில் தம் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே இருந்தபடியே மறைத்து வைத்துவிட்டுத் திரும்புவார். பரிசு இல்லை, பணம் இல்லை, கைதட்ட ஆளும் இல்லை. ஆயினும் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இப்படி ஒளிந்திருக்கின்றன.

இந்த ஆட்டத்தில் புதிதாக இறங்கும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வழிகாட்ட எந்தச் செயலி நல்லது?"

கடைக்குப் போய் எந்தக் குடை நல்லது என்று கேட்பதைப் போன்ற சாதாரணக் கேள்வியாகத்தான் அது தோன்றும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், அதற்குள்ளே வேறொரு கேள்வி உட்கார்ந்திருப்பது தெரியும். தேடுவதற்காகவே புறப்பட்ட ஒருவன், தேடும் வேலையில் எவ்வளவைக் கருவியிடம் ஒப்படைக்கலாம்? எந்த எல்லையைத் தாண்டினால் உதவி என்பது உதவியாக இராமல், நமக்கு உரியதைப் பறித்துக்கொள்வதாக மாறிவிடுகிறது?

கருவி இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி வருகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் குறிப்புகளாவது கைக்கு எட்டினால்தான் நாம் நிற்கும் இடத்தைச் சரியாகக் கணக்கிட முடியும். எல்லாம் நேரக் கணக்குத்தான். ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரத்தில் 300 மீட்டர் பிசகிப்போகும். இத்தனை நுட்பமான ஏற்பாட்டை இராணுவக் காரணங்களுக்காகப் பொதுமக்களுக்கு மட்டும் வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தார்கள். சாதாரண மனிதனின் கருவி ஏறக்குறைய 100 மீட்டர் வரை தவறான இடத்தைக் காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி நள்ளிரவில், ஜனாதிபதி கிளின்டனின் ஆணைப்படி அந்தத் திரை விலக்கப்பட்டது. ஒரே இரவில் உலகத்தின் கண் பத்து மடங்கு கூர்மையாயிற்று.

மே 3-ஆம் தேதி, ஓரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் என்ற ஊருக்கு அருகே, டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஒரு கறுப்பு வாளியைக் காட்டில் ஒளித்து வைத்தார். சில புத்தகங்கள், மென்பொருள்கள், ஒரு கவண், டப்பாவில் அடைத்த அவரை விதை, கையெழுத்துப் போட ஒரு நோட்டு—இவைதாம் அதில் இருந்த புதையல். அந்த இடத்தின் எண்களை இணையத்தில் ஒரு விவாதக் குழுவில் அறிவித்தார். வருகிறவர் ஒன்றை எடுத்துக்கொண்டு இன்னொன்றை வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மூன்று நாட்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த மாத முடிவுக்குள் ஆட்டத்துக்குப் பெயர் கிடைத்தது. செப்டம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் பிறந்தது.

ஆனால் தேடும் ஆசைக்கு இதைவிட வயது அதிகம். இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற பரந்த பொட்டல்வெளி இருக்கிறது. அதன் நடுவே க்ரான்மியர் குளம் என்று ஓர் இடம். சேறும் சதுப்பும் தாண்டித்தான் அங்கே போகவேண்டும். 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு புட்டியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அச்சிட்ட அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பொழுதுபோக்கு வளர்ந்தது. பெரட் ஊதியத்துக்கு வழிகாட்டுகிறவர் என்பதை மறக்க வேண்டாம். அந்தக் காலத்திலும் உதவி இருந்தது. சதுப்பு எங்கே ஆழம், எந்த மேட்டைச் சுற்றிப் போகவேண்டும் என்று அவர் சொல்லியிருப்பார். வந்தவர்களுக்குப் பதிலாக அவர் நடக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய செயலிகளைப் பார்ப்போம்.

இந்த ஆட்டத்தின் பெரும்பாலான பெட்டிகளைப் பட்டியலிட்டு வைத்திருக்கும் நிறுவனமே ஒரு செயலி தருகிறது. புதியவருக்கு அது எளிது. எல்லா வசதிகளும் வேண்டுமானால் சந்தா கட்ட வேண்டும். 'சி:ஜியோ' என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்காகத் தன்னார்வலர்கள் எழுதி இலவசமாக அளிப்பது. ஐபோன் வைத்திருப்போர் 'கேஷ்லி'யை நாடுகிறார்கள். மலையிலும் காட்டிலும் நெடுந்தூரம் நடப்பவர்கள் 'லோகஸ் மேப்' போன்ற வரைபடச் செயலிகளை விரும்புகிறார்கள். இவற்றில் பலவற்றிலும் விரியும் வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்; 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கி, எண்ணற்ற சாதாரண மக்கள் தாம் நடந்த ஒற்றையடிப் பாதைகளையெல்லாம் கூலி வாங்காமல் வரைந்து சேர்த்தது. கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்தில் பயன்படும்படி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியுமா, மின்கலத்தை எவ்வளவு தின்னும் என்பவையெல்லாம் விசாரிக்க வேண்டிய விஷயங்கள். இவற்றை அலட்சியம் செய்கிறவன் காட்டில் இருட்டிய பிறகு வருந்துவான்.

ஆனால் வசதிகளை எண்ணிப் பார்ப்பதோடு விசாரணை முடிந்துவிடுவதில்லை. வழிகாட்டும் கருவிகளில் இரண்டு குணங்கள் உண்டு. ஒன்று கட்டளையிடும் குணம்: 'இடப்பக்கம் திரும்பு, நூறு மீட்டர் போ, இப்போது வலப்பக்கம்.' நகரத்துச் சாலையில் காரோட்டுகிறவருக்குச் சொல்லும் குரல் அது. மற்றொன்று செய்தி சொல்லும் குணம். ஓர் அம்புக்குறி; அதன்கீழே ஒரு தூரம். 'நீ தேடுவது அந்தத் திசையில், 340 மீட்டரில் இருக்கிறது' என்று மட்டும் அது சொல்லும். நடுவே ஓடை இருக்கிறதா, முட்புதர் இருக்கிறதா, பாறையைச் சுற்றிப் போவதா, ஏறிப் போவதா என்பதெல்லாம் உன் பாடு. முதலாவதற்கு நாம் கீழ்ப்படிகிறோம். இரண்டாவதோடு சேர்ந்து யோசிக்கிறோம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லலங்காரமல்ல. லண்டன் நகரத்தில் டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமானால், சேரிங் கிராஸைச் சுற்றி ஆறு மைல் வட்டத்துக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வேண்டும். 2000-ஆம் ஆண்டில் எலினார் மக்வயரும் அவருடைய சகாக்களும் அந்த ஓட்டுநர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்புறம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. 2017-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி விஞ்ஞானிகள் 24 பேரை, லண்டனின் சோஹோ பகுதியைப் போலவே அமைத்த ஒரு திரைக் காட்சிக்குள் வழி தேட வைத்தார்கள். தாமாகவே வழி தேடியபோது, புதுத் தெருவுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்த மூளைப் பகுதி விழித்துக்கொண்டு வேலை செய்தது. கருவி சொன்னபடி நடந்தபோது அந்தத் தெருக்கள் அதை எழுப்பவில்லை.

இதைக் கொண்டு, 'கருவி மூளையைக் கெடுத்துவிடும்' என்று கூச்சல் போட வேண்டியதில்லை. அவசரமாக மருத்துவமனைக்குப் போகிறவன் தெருக்களை ரசித்துக்கொண்டு போக முடியாது. கட்டளைக் குரல்தான் அவனுக்குத் துணை. அங்கே போய்ச் சேர்வது நோக்கம். வழி ஓர் இடையூறு. ஜியோகேஷிங்கில் வழிதான் நோக்கம். பெட்டி ஒரு சாக்கு. ஒரே கருவி ஓரிடத்தில் நண்பனாகவும் இன்னோரிடத்தில் பகைவனாகவும் ஆவது இதனால்தான். நம் நோக்கம் எதுவோ, அதற்குப் புறம்பான உழைப்பைக் கருவி ஏற்றுக்கொள்ளலாம். நோக்கமாகவே இருக்கும் உழைப்பை ஏற்றுக்கொண்டால், நமக்கு மிஞ்சுவது அந்தப் பயனற்ற குச்சிதான்.

தொடர்கதை படித்துப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கதாநாயகி என்ன ஆனாள் என்று ஒரு வாரம் முழுவதும் எண்ணிக் கொண்டிருக்கிறீர்கள். முன்கூட்டியே தெரிந்துகொண்ட நண்பர் ஒருவர் வந்து, "அவள் கடைசியில் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள் ஸார்!" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொன்னது உண்மைதான். உங்களுக்கு ஒரு வார வேதனையை மிச்சப்படுத்தியதும் உண்மைதான். ஆனால் அந்த நண்பருக்கு யாராவது நன்றி சொன்னதுண்டா?

இந்த ஆட்டத்தை அமைத்தவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பெட்டியை வைத்தவர் விரும்பினால் ஒரு சிறு குறிப்புத் தரலாம்—'வேருக்கு அடியில்', 'மூன்றாவது கம்பம்' என்பது போல. அந்தக் குறிப்பை இணையப் பக்கத்தில் நேராக எழுதாமல், ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து பதின்மூன்றாவது எழுத்தைப் போட்டுப் புதிராக்கி வெளியிடுவார்கள். இது ஒரு பெரிய இரகசியமல்ல. பள்ளிப் பிள்ளைகூட அவிழ்த்துவிடுவான். திருடனைத் தடுக்கும் பூட்டு அல்ல இது. 'உனக்கு நிஜமாகவே இது வேண்டுமா?' என்று நம்மை ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்கும் திரை. காகிதத்தை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அவிழ்க்கும்போது, பாதியிலேயே, 'வேண்டாம், இன்னும் கொஞ்சம் தேடிப் பார்ப்போம்' என்று நிறுத்திவிடலாம். செயலியில் அந்த நிமிடம் கிடைப்பதில்லை. விரலால் ஒரு தட்டு. குறிப்பு முழுவதும் கண்முன். முன்பு வந்தவர்கள் எடுத்த புகைப்படங்கள் இன்னொரு தட்டில். சபலத்துக்கும் செயலுக்கும் இடையே இருந்த தூரத்தை இந்தக் காலத்துக் கருவிகள் குறைத்துவிட்டன. அந்தத் தூரத்தில்தான் மனிதனுடைய சுயகட்டுப்பாடு வாழ்ந்து வந்தது.

அப்படியானால் கருவிகளைத் துறந்துவிடலாமா? காகித வரைபடமும் காந்த ஊசியும் கொண்டு போவேன் என்று மார்தட்டுகிறவர்களும் உண்டு. அதில் ஓர் இன்பம் இருக்கலாம். ஆனால் அதை ஒழுக்கத்தின் உச்சியாக எண்ணிக்கொண்டு மற்றவர்களை ஏளனம் செய்தால், அதுவும் ஒரு வகை ஆணவம்தான். ஒவ்வொரு பெட்டிக்கும், அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம், அங்கே போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை இரண்டு மதிப்பெண்கள் உண்டு. போய்ச் சேரும் வழிக்கு 1 என்று இருந்தால், சக்கர நாற்காலியிலும் அங்கே போகலாம் என்று பொருள். நடக்க இயலாத ஒருவர் அந்த எண்ணைச் செயலியில் பொறுக்கியெடுத்து, அதனால் ஒரு மாலை நேரம் வீட்டைவிட்டு வெளியே வந்து, பூங்காவில் ஒரு பெட்டியைத் தொடுகிறார் என்றால், அந்த உதவியைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? ஒருவருக்கு ஊன்றுகோல், மற்றொருவருக்கு அதுவே சோம்பல். எது எது என்பதை அவரவர் மனச்சாட்சி அறியும்.

கருவியும் ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது. திறந்த வானத்தின்கீழ் ஒரு கைப்பேசி நம் இடத்தைச் சுமார் 4.9 மீட்டருக்குள், அதாவது 16 அடிக்குள், சரியாகக் காட்டும் என்பது அமெரிக்க அரசு தரும் கணக்கு. 16 அடி என்றால் சிறியதாகத்தான் தோன்றும். அந்த அளவில் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 800 சதுர அடி! நம்மில் பலர் குடும்பத்தோடு வசிக்கும் வீட்டின் பரப்பு அது. அதற்குள்ளே எங்கேயோ, பழைய புகைப்படச் சுருள் அடைத்த டப்பா அளவில் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. மரங்கள் அடர்ந்த இடமானால் அம்பு நிலைகொள்ளாமல் இங்கும் அங்கும் திரும்பும். பெட்டியை வைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்திருக்கும். பழகியவர்கள் அந்த இடம் வந்ததும் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார்கள். 'நான் ஒளிப்பதானால் எங்கே ஒளிப்பேன்?' என்று கேட்டுக்கொள்கிறார்கள். இயற்கைக்கு மாறாக அடுக்கியிருக்கும் கற்கள், பலர் மிதித்துப் பணிந்த புல், மற்றவற்றைவிடக் கொஞ்சம் புதிதாக இருக்கும் ஒரு மரப்பட்டை—இவற்றைப் பார்க்கிறார்கள். 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தொடங்கிய வழிகாட்டல், நம் கண்ணிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

பெட்டி கிடைக்காமற்போனால்? அங்கேதான் இந்த ஆட்டத்தின் உண்மையான சோதனை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

நோட்டில் பெயர் எழுதியவன்தான் 'கண்டேன்' என்று பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஆனால் செயலியில் 'கண்டேன்' என்று தட்டுவதற்கு நோட்டும் வேண்டாம், காடும் வேண்டாம். சாய்வு நாற்காலியே போதும். பெட்டியின் சொந்தக்காரர் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பொய்யை நீக்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. காசு நஷ்டமில்லை, யாருக்கும் காயமில்லை, எண்ணிக்கையில் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டுமல்ல. பெட்டி மழையில் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். நேற்று ஒருவர் 'கண்டேன்' என்று பொய்யாக எழுதியிருக்கிறார். அதை நம்பிச் சொந்தக்காரர் போய்ப் பார்க்காமல் இருந்துவிடுகிறார். இன்று ஒரு தந்தை தம் சிறு பெண்ணை அழைத்துக்கொண்டு வெயிலில் மூன்று மைல் நடக்கிறார். "அப்பா, நேத்து ஒருத்தர் எடுத்திருக்காரே, நமக்கு மட்டும் ஏன் கிடைக்கலை?" என்று அந்தப் பெண் கேட்டால், அவர் என்ன பதில் சொல்வார்? இல்லாத பெட்டியைத் தேடித் தோற்றதற்குத் தன் கண்ணையே அல்லவா அந்தக் குழந்தை குறை சொல்லிக்கொள்ளும்?

இதற்கு நேர் எதிராக, ஒவ்வொரு செயலியிலும் 'கிடைக்கவில்லை' என்று எழுதவும் ஓர் இடம் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. ஒரு மணி நேரம் தேடிவிட்டு, ஒன்றும் எழுதாமல் வீடு திரும்புகிறார்கள். தோல்வியை ஊரறியச் சொல்வானேன் என்ற கூச்சம். ஆனால் தொடர்ந்து மூன்று பேர் 'கிடைக்கவில்லை' என்று எழுதினால், சொந்தக்காரருக்குச் சந்தேகம் வரும், போய்ப் பார்ப்பார், புதுப் பெட்டி வைப்பார். அந்தச் சிறு பெண்ணின் நடை வீணாகாது. வெற்றியை எழுதுவதைவிடத் தோல்வியை எழுதுவதால் பிறருக்கு அதிக நன்மை உண்டாகும் இடம் உலகத்தில் அபூர்வம். இது அவற்றில் ஒன்று.

ஆகவே, எந்தச் செயலி நல்லது என்று கேட்கும் நண்பருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் கைப்பேசிக்குப் பொருந்துவதை, கட்டுப்படியாவதை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லை வரையில் கட்டளைக் குரல் வரட்டும். காட்டுப் பாதையில் அம்புக்குறி போதும். குறிப்பைப் பார்ப்பதா வேண்டாமா என்பதைப் புறப்படும்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சலிப்பு வந்த பிறகு செய்யும் தீர்மானம் சலிப்பின் தீர்மானமாகத்தான் இருக்கும். கடைசிப் பதினாறு அடியை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்.

அந்தக் கடைசிக் காரியத்தில் மட்டும் எந்தச் செயலியும் உங்களுக்கு உதவ முடியாது. 'கண்டேன்', 'கிடைக்கவில்லை' என்ற இரண்டு சொற்களையும் அது பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும். எதைத் தொட வேண்டும் என்று எந்த அம்பும் சொல்லாது.